சாப்பிடப் போகிறேன், ஜெ வே மான்ஜே: பிரெஞ்சின் அண்மை எதிர்காலம் பற்றிய கேள்வி பதில்

அண்மை எதிர்காலம் (ஃப்யூத்யூர் ப்ரொஷ்) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பிரெஞ்சுச் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். சொல் முடிவில் வரும் 'ன்' பல இடங்களில் மூக்கொலி மட்டுமே, நாக்கு மேலே படக் கூடாது.

அக்கா, டெல்ஃப் ஏ1 (தொடக்க நிலை பிரெஞ்சுத் தேர்வு) எழுதப் போகிறேன். இந்தக் காலத்தை எப்படி அமைப்பது? (புதுச்சேரி)

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. 'எழுதப் போகிறேன்' என்றீர்களே, அதேதான். தமிழில் 'எழுத' என்ற எச்சத்தோடு 'போ' சேர்கிறது. பிரெஞ்சில் 'அலே' (போ) என்ற வினையின் நிகழ்கால வடிவத்தோடு, மாற்றமில்லாத மூல வினை சேர்கிறது. வரிசை மட்டும் தலைகீழ்: அங்கே 'போ' முதலில் வரும்.

ஜெ வே மான்ஜே (நான் சாப்பிடப் போகிறேன்), த்யூ வா மான்ஜே (நீ), இல் வா மான்ஜே (அவன்), எல் வா மான்ஜே (அவள்), நூ ஸலோன் மான்ஜே (நாங்கள்), வூ ஸலே மான்ஜே (நீங்கள்), இல் வோன் மான்ஜே (அவர்கள்). 'நாம்' என்ற பொருளில் பேச்சில் அதிகம் கேட்கும் 'ஓன்' கூட 'வா'தான் எடுக்கும்: ஓன் வா மான்ஜே. மனப்பாடம் செய்ய வேண்டியது அலேயின் ஆறு வடிவங்கள் மட்டும். இரண்டாவது வினை யாருக்காகவும் மாறாது. இதை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள். தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

மிஸ், 'ஜெ வே மான்ஜே' என்று சரியாகச் சொல்கிறேன், எழுதும்போது தப்பாகிறது. (சென்னை, பதினொன்றாம் வகுப்பு)

காரணம் காது. மூல வினையான மான்ஜே (ஈ, ஆர் எழுத்துகளில் முடிவது), 'சாப்பிட்ட' என்ற முடிந்த வடிவம் (ஈ மேல் சாய்ந்த கோடு), 'நீங்கள் சாப்பிடுகிறீர்கள்' (ஈ, இஸட்) மூன்றும் ஒரே ஒலி. பிரெஞ்சுப் பிள்ளைகளே இதில் தடுமாறுவார்கள். அவர்களுக்குப் பள்ளியில் சொல்லித்தரும் உபாயம் இது: அந்த இடத்தில் ஒலி மாறும் வேறொரு வினையைப் போட்டுப் பாருங்கள். 'எடு' என்பதற்கு மூல வினை 'ப்ரான்த்ர்', முடிந்த வடிவம் 'ப்ரீ'. 'ஜெ வே ப்ரான்த்ர்' என்றுதான் வாயில் வரும், 'ஜெ வே ப்ரீ' என்று வராது. ஆகவே மான்ஜேயும் இங்கே மூல வினை, ஈ, ஆர் போட்டு எழுது தம்பி. தேர்வுத் தாளின் ஓரத்திலும் இதைச் செய்து பார்க்கலாம், சில விநாடிகள்தான் ஆகும்.

அக்கா, வேலை இடத்தில் 'செய்ய மாட்டேன்', 'அதைச் செய்யப் போறன்' எல்லாம் சொல்ல வேணும். பா, லெ எல்லாம் எங்கே போடுறது? (பாரிஸ், லா ஷாப்பெல்)

மறுப்புச் சொற்களான 'ந', 'பா' இரண்டும் 'போ'வைச் சுற்றிக் கொள்ளும்: ஜெ ந வே பா லெ ஃபேர் (அதைச் செய்யப் போவதில்லை). தமிழிலும் 'செய்யப் போவதில்லை' என்று 'போ'வைத்தானே மறுக்கிறோம். பேச்சில் 'ந' விழுந்து 'ஜெ வே பா' என்று கேட்கும். எழுதும்போது விடாதீர்கள்.

'அதை' (லெ) என்பது எந்த வினைக்குரியதோ அதற்கு முன்னால் நிற்கும்: ஜெ வே லெ ஃபேர். 'அதைச் செய்யப் போகிறேன்' என்பதிலும் 'அதை' செய்யவோடு ஒட்டித்தான் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சில் 'ஜெ லெ வே ஃபேர்' என்று முன்னால் தள்ளி எழுதுவதும் வழக்கம். இன்று அப்படிச் சொல்லாதீர்கள்.

தமிழ் கைகொடுக்காத ஓர் இடம் உண்டு. எழுந்திரு என்பதற்கு அகராதியில் 'ஸெ லவே' என்றிருக்கும். அந்த 'ஸெ' ஆளுக்கேற்ப மாற வேண்டும்: ஜெ வே மெ லவே, த்யூ வா தெ லவே, நூ ஸலோன் நூ லவே. 'ஜெ வே ஸெ லவே' தவறு. தமிழில் இதற்கு இணை இல்லாததால் நம்மவர்கள் அதிகம் விழும் குழி இதுதான், தனியாக உட்கார்ந்து பழகுங்கள்.

'ஜெ வே அலே' என்றால் போ இரண்டு முறை வருகிறதே, தவறா? (கோவை)

தவறில்லை. 'ஊருக்குப் போகப் போகிறேன்' என்று நாம் சொல்வதில்லையா?

சாதாரண எதிர்காலம் இருக்கும்போது இது எதற்கு? நாளைக்கு நடப்பது மட்டும்தான் 'அண்மை'யா? (திருச்சி)

பெயர்தான் குழப்புகிறது. 'தான் தீ ஸான்', பத்து ஆண்டு கழித்து, வீடு வாங்கப் போகிறேன் என்பதற்கும் இதைச் சொல்லலாம். தூரத்தை விட முக்கியம், அந்தச் செயலின் வேர் இப்போதே தெரிகிறதா என்பது. கருமேகத்தைப் பார்த்தால் 'இல் வா ப்ளெவ்வார்', மழை பெய்யப் போகிறது. 'எல் வா அவ்வார் ஆன் பேபே' (அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது) என்றால் அவர் கர்ப்பமாக இருக்கிறார் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். சாதாரண எதிர்காலத்தில் 'எல் ஓரா தே ஸான்ஃபான்' என்றால் என்றோ ஒருநாள் பிள்ளைகள் பிறப்பார்கள், அவ்வளவுதான். 'பெய்யப் போகிறது', 'பெய்யும்' இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய இதுவே.

ஓர் இடத்தில் மட்டும் கவனம். 'நீ வரும்போது சொல்கிறேன்' போன்ற வாக்கியத்தில் 'கான்' (எப்போது) என்ற சொல்லுக்குப் பின் சாதாரண எதிர்காலமே இயல்பு: கான் த்யூ அரீவரா. 'நீ வரப்போகும்போது' என்று நாமும் சொல்வதில்லை.

'கிளம்பப் போனேன், போன் வந்தது' என்பதை 'ஜெ ஸ்வி அலே பார்த்தீர்' என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். (மதுரை)

பிரெஞ்சுப் பேச்சில் அதிகம் வரும் கடந்த காலங்கள் இரண்டு. இந்தப் பொருளுக்கு 'ஆன்பார்ஃபே' (முடியாமல் நடந்துகொண்டிருந்ததைக் காட்டும் கடந்த காலம்) மட்டுமே செல்லும்: ஜாலே பார்த்தீர். நீங்கள் எழுதிய 'ஜெ ஸ்வி அலே' வடிவத்தைப் போட்டால் 'போ' நிஜமாகவே கால் நடந்து போவதாகிவிடும். 'ஜெ ஸ்வி அலே மான்ஜே' என்பது சாப்பிடுவதற்காக எங்கோ போய் வந்த கதை.

மொன்றியலில் 'மா தெ டீர்' என்கிறார்கள், அது என்ன? (மொன்றியல்)

'உனக்குச் சொல்லப் போகிறேன்' என்பதுதான். 'ஜெ வே' கனடாவின் கியூபெக் மாகாணப் பேச்சில் 'ஜெ வா' என்றும், 'மா' என்றும் வரும். கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், தேர்விலும் விண்ணப்பக் கடிதத்திலும் 'ஜெ வே' எழுதுங்கள். இன்னொன்றும் காதில் படும்: மறுப்பு வந்தால் அங்குள்ளவர்கள் அண்மை எதிர்காலத்தை விட்டு, பெரும்பாலும் சாதாரண எதிர்காலத்துக்கு மாறிவிடுவார்கள். 'ஜெ வே மான்ஜே' என்று சொல்லும் அதே ஆள் மறுக்கும்போது 'ஜெ மான்ஜ்ரே பா' (சாப்பிட மாட்டேன்) என்பார்.