மேக்கில் வேகமான எஸ்எஸ்டி: எது ஓடும், எது படுத்தும்?

13 அங்குல மேக்புக் ஏர், 2015 மாடல். 128 ஜிபி நிரம்பி வழிகிறது. கடையில் கிடைக்கும் என்விஎம்இ டிரைவை (வேகமான எஸ்எஸ்டி வகை) போடலாமா?

தாராளமாக. ஆனால் அப்படியே செருக முடியாது. உள்ளே இருப்பது எம்.2 எனும் பொதுவான எஸ்எஸ்டி சாக்கெட் இல்லை, ஆப்பிளின் சொந்த சாக்கெட். நடுவில் கட்டை விரல் அகல அடாப்டர் ஒன்று வேண்டும்.

அவசரப்பட்டுப் பழைய டிரைவைக் கழற்றிவிடாதீர்கள். அது உள்ளே இருக்கும்போதே ஹை சியராவோ (மேக்ஓஎஸ் 10.13) அதற்குப் பிந்தைய மேக்ஓஎஸோ ஏற்றிவிடுங்கள். அதோடு சேர்ந்துதான் பூட் ரோமும் (மேக்கைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆகும். ஆப்பிளின் டிரைவ் இல்லாவிட்டால் அது நடக்காது.

புது டிரைவ் டிஸ்க் யுட்டிலிட்டியில் தெரியவில்லையா? முதலில் வியூ மெனுவில் எல்லா டிவைஸ்களையும் காட்டச் சொல்லுங்கள். காலி டிரைவ் அதற்குப் பிறகுதான் கண்ணில் படும். அப்போதும் இல்லையென்றால் அடாப்டரைக் கழற்றித் திரும்ப அழுத்திச் செருகுங்கள். பலருக்கும் கோளாறு அங்கேதான்.

பெட்டியில் 7,000 எம்பி என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்த ஏரில் டிரைவுக்கான தடம் பழைய பிசிஐஇ 2.0, நான்கு லேன். நொடிக்கு 1,500 எம்பியைத் தாண்டாது. மிச்ச வேகத்துக்குக் கொடுக்கும் காசு தண்டம். சூடும் கூடும், பேட்டரியும் கரையும்.

ஹேக்கின்டாஷ் (மேக்ஓஎஸ் ஏற்றிய, ஆப்பிள் அல்லாத) லேப்டாப்பில் சாம்சங் பிஎம்981 எஸ்எஸ்டி இருக்கிறது. மேக்ஓஎஸ் நிறுவும்போதே கர்னல் பேனிக், அதாவது சிஸ்டமே நின்றுவிடுகிறது.

கான்ஃபிக் கோப்பை நோண்டி ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பிஎம்981, பிஎம்991 இரண்டும் மேக்ஓஎஸ்ஸோடு ஒத்துப்போகாதவை என்று பெயரெடுத்தவை. என்விஎம்இ ஃபிக்ஸ் கெக்ஸ்ட் (மேக்ஓஎஸ்ஸுக்கான கூடுதல் டிரைவர்) போட்டாலும் நம்ப முடியாது. அதன் முக்கிய வேலை மின் சிக்கனம். டபிள்யூடி எஸ்என்750 மாதிரி ஒன்றுக்கு மாறிவிடுங்கள். சாம்சங் 970 ஈவோ பிளஸ் கைவசம் இருந்தால், ஆரம்பகால பர்ம்வேரை அப்டேட் செய்த பிறகு பயன்படுத்தலாம்.

மான்டெரேக்கு (மேக்ஓஎஸ் 12) மாறியதும் பூட் ஆக நிமிடக் கணக்கில் ஆகிறது. டிரைவ் போச்சா?

இல்லை. சாம்சங் டிரைவாகத்தான் இருக்கும். பூட் ஆகும்போது ஓடும் டிரிம் (அழித்த கோப்புகளின் இடத்தை டிரைவுக்குத் தெரிவிக்கும் வேலை) அதில் மெதுவாக முடிகிறது. ஹேக்கின்டாஷைத் துவக்கும் ஓப்பன்கோர் மென்பொருளில் செட்ஏபிஎஃப்எஸ்டிரிம்டைம்அவுட் அமைப்பை 0 ஆக்கினால் டிரிம் நின்று, பூட் வேகம் திரும்பும். டிரிம் இல்லாமல் ஓட்டுவது நாள்பட நல்லதல்ல, அதனால் இதைத் தற்காலிக வைத்தியமாக மட்டும் வையுங்கள்.

எம்4 மேக் மினியில் எஸ்எஸ்டி மாட்யூலைக் கழற்ற முடிகிறதே, எம்.2 போடலாமா?

முடியாது. அந்த மாட்யூலில் இருப்பது வெறும் ஃபிளாஷ் நினைவகம். அதை இயக்கும் கன்ட்ரோலர் எம்4 சிப்புக்குள் இருக்கிறது. வெளியே தண்டர்போல்ட் அல்லது யுஎஸ்பி4 என்குளோஷர் (டிரைவை வைத்து வெளியே இணைக்கும் பெட்டி) வாங்குங்கள். 20 ஜிகாபிட் யுஎஸ்பி என்குளோஷர் மட்டும் வேண்டாம், மேக்கில் அது 10-க்கு இறங்கிவிடும்.

இப்போது புதிதாக ஹேக்கின்டாஷ் கட்டலாமா?

ஆசைக்கு என்றால் சரி. இன்டெல் சிப்புக்கு டாஹோதான் (மேக்ஓஎஸ் 26) கடைசி மேக்ஓஎஸ் என்று 2025 ஜூனிலேயே ஆப்பிள் சொல்லிவிட்டது. பிழைப்புக்கு அதை நம்பாதீர்கள்.