பூனையைப் பட்டினி போடாதீர்கள்

கேள்வி: டொக்டர், எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில். கருத்தடை செய்த ஏழு வயதுப் பெண் பூனை 7 கிலோ இருக்கிறது. லாப்ரடோர் நாய் 43 கிலோ; தெரு முனைக்கு நடந்தாலே இளைக்கிறது. பூனைக்கு மூன்று நாள் சாப்பாட்டை நிறுத்தினால் மெலியும் என்கிறார்கள். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தவே வேண்டாம். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், இதை வாசித்து முடித்ததும் எழுந்துபோய் உணவு வையுங்கள். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்க் குவியும். ஈரல் அதைத் தாங்காது. பல் முரசும் காதின் உட்புறமும் மஞ்சளாகும். அதன்பின் குழாய் வைத்து வாரக்கணக்கில் ஊட்ட வேண்டிவரும். அப்படியும் சில பூனைகள் பிழைப்பதில்லை.

அதற்காக இந்த எடையை அப்படியே விடவும் முடியாது. பருத்த பூனைக்கு நீரிழிவு எளிதில் வரும். வந்தால் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு தடவை இன்சுலின் ஊசி. அதன் வாலடியைத் தடவிப் பாருங்கள். மயிர் சடைபிடித்துப் பொடுகு உதிர்ந்தால், நாக்கு அங்கே எட்டவில்லை என்று அர்த்தம். நாள் முழுக்க நக்கி நக்கித் துப்புரவாக இருக்கும் பிராணிக்கு அது எத்தனை பெரிய அவதி!

கருத்தடைக்குப் பின் உணவுத் தேவை கால்வாசியாவது குறைகிறது. நாமோ பழைய அளவையே வைக்கிறோம். 4 கிலோ பூனைக்கு நாளுக்கு 200 கலோரி அளவு போதும். தேநீர் நேரத்தில் கொடுக்கும் இரண்டு மாரி பிஸ்கட்டிலேயே 50 கலோரி போய்விடும். பிஸ்கட், பாண், பொரித்த மீன் மூன்றையும் நிறுத்துங்கள். எண்ணெய் இல்லாமல் அவித்த மீனைச் சிறிதளவு, அதன் வழக்கமான உணவைக் குறைத்துக்கொண்டு கொடுக்கலாம். மாதத்துக்கு 200 முதல் 300 கிராம் இறங்கினால் போதும். ஏழெட்டு மாதம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

நாயின் விலாவை விரல்களால் வருடுங்கள். விரித்த உங்கள் புறங்கையைத் தடவுவதுபோல் எலும்பு தட்டுப்பட்டால் எடை சரி. உள்ளங்கையைத் தடவுவதுபோல் மெத்தென்றிருந்தால் கொழுப்பு கூடிவிட்டது. 48 லாப்ரடோர்களை ஆயுள் முழுதும் கவனித்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. கால்வாசி குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு அதிகம் வாழ்ந்தன. மூட்டுவாதமும் பிந்தித்தான் வந்தது.

நம் ஊர் வெக்கையில் எனக்கு அதைவிடப் பயம் வெப்ப அதிர்ச்சிதான். நாய்க்கு மூச்சிரைப்புத்தான் வியர்வை, கொழுப்போ போர்வை. காலை ஆறு மணிக்கு முன், அல்லது பொழுது பட்டபின் நடத்துங்கள். மே முதல் செப்டம்பர் வரை உப்புவெளிக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அலை இல்லாத காலையில், கழுத்துப் பட்டியைப் பிடித்தபடி ஆழமில்லாத நீரில் நீந்தவிட்டால் மூட்டில் பாரம் விழாது. ஆனால் இளைப்புக்கு இதயமோ மூச்சுக்குழாயோ காரணமாக இருக்கலாம். அதனால் முதலில் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

பூனை புதிய உணவை ஒரு முழுநாள் தொடாவிட்டால் பழையதையே வையுங்கள். அதையும் தொடாவிட்டால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள்.