மூளை முடக்குவாதம்: வடசென்னைப் பெற்றோர் கேட்டவை

மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) என்பது, வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பால் குழந்தையின் அசைவும் உடல் நிலையும் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது. குழந்தைகளுக்கான இயன்முறை சிகிச்சையில் (பிசியோதெரபி) இருப்பதால் இதைப் பற்றி என்னிடம் வரும் கேள்விகளில், பலருக்கும் பயன்படும் ஐந்துக்கு இங்கே பதில்.

மகன் 32 வாரத்திலேயே பிறந்துவிட்டான். இப்போது ஐந்து மாதம். இடது கையை மூடியே வைத்திருக்கிறான். "ஒரு வயசு ஆகட்டும், சரியாயிடும்" என்கிறார்கள். காத்திருக்கலாமா? (ஒரு தாய், காசிமேடு)

வேண்டாம்மா. குறைமாதக் குழந்தைக்கு வயதை, டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். எட்டு வாரம் முந்திப் பிறந்ததால் உங்கள் மகனுக்குக் கணக்குப்படி மூன்று மாதம்தான். பரிசோதிக்க இதைவிட நல்ல சமயம் கிடையாது. மூன்று முதல் ஐந்து மாதத்தில், விழித்து மல்லாந்து கிடக்கும் குழந்தையின் கழுத்து, உடம்பு, கை கால் எல்லாம் சின்னச் சின்னதாகத் துறுதுறுவென்று அசைந்துகொண்டே இருக்கும். அந்தத் துறுதுறுப்பே இல்லாத குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் மூளை முடக்குவாதம் வந்ததை குழந்தை நரம்பியல் ஆய்வாளர் ஹைன்ஸ் பிரெஷ்டல் குழுவினர் 1997-ல் காட்டினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பால் குடித்து, அழாமல் விளையாடும் நேரத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். சூப்பான், பொம்மை வேண்டாம், யாரும் கொஞ்சவும் வேண்டாம். முழு உடம்பும் தெரியும்படி மூன்று நிமிடம் போனில் வீடியோ எடுத்து, ஸ்டான்லியிலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த அசைவுகள், மூளை ஸ்கேன், நரம்புப் பரிசோதனை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆறு மாதத்துக்குள்ளேயே கண்டறியலாம் என்று 2017-ல் பன்னாட்டு வல்லுநர்கள் வழிகாட்டினார்கள். ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டும் பயன்படுத்தும் குழந்தையை "இது இடதுகைப் பிள்ளை, வலதுகைப் பிள்ளை" என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. பிரச்சினை இருந்தால், நல்ல கையைக் கொஞ்ச நேரம் உறையால் மூடி, மற்றக் கையால் விளையாட வைக்கும் பயிற்சியை இப்போதே ஆரம்பிக்கலாம். மூளை வேகமாக வளரும் காலம் இது.

பேரன் பிறந்ததும் அழவில்லை. மருமகள் கிரகணத்தன்று வெளியே போனாள். அவனுக்கு மூளை முடக்குவாதம் வர எது காரணம்? (ஒரு பாட்டி, தண்டையார்பேட்டை)

கிரகணம் காரணமே இல்லை. மருமகளை இனி ஒரு வார்த்தை சொல்லாதீர்கள் அம்மா, அவர் ஏற்கெனவே ஒடிந்துபோயிருப்பார். பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத்திணறலும் ஒரு காரணம்தான். ஆனால் குறைமாதம், கருவிலேயே ஏற்பட்ட பாதிப்பு, தொற்று, கடுமையான மஞ்சள் காமாலை என்று வேறு பலவும் உண்டு.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பான் என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். கடன் வாங்கலாமா? (ஒரு தந்தை, வியாசர்பாடி)

வாங்காதீர்கள். ஸ்டெம் செல் என்பது பிற செல்களாக வளரக்கூடிய மூலச்செல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, சில ரத்த நோய் போன்றவற்றுக்கு அந்தச் செல்களை மாற்றிப் பொருத்தும் சிகிச்சையைத் தவிர, ஸ்டெம் செல்லைக் காசுக்குச் சிகிச்சையாக விற்கக் கூடாது. ஆராய்ச்சி நடக்கிறது, தொப்புள்கொடி ரத்தத்தில் சில குழந்தைகளுக்குச் சிறு முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. அதை நம்பி "நடப்பான்" என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆய்வுகள் திரும்பத் திரும்ப உறுதி செய்வது வேறு: சட்டை போடுவது, டம்ளர் பிடிப்பது என்று தேவையான வேலையையே குழந்தை தானாகச் செய்து பழகுவது. நாம் கை காலை நீட்டி மடக்கிவிட்டால் மட்டும் போதாது.

நான்கு வயது மகள், தனியாக உட்கார மாட்டாள். துணி மாற்றக் காலை விரித்தால் அழுகிறாள். (ஒரு தாய், எண்ணூர்)

இந்த வாரமே இடுப்பு எக்ஸ்ரே எடுங்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது. நடக்காத குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வலி இல்லாமலும் விலகும் என்பதால் குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மணலியில் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர். மகனுக்கு நானே ஒரு நாற்காலி செய்தேன். அதைப் பார்த்த ஓனர், இங்கேயே செய்து விற்கலாம் என்கிறார். சரியா? (ஒரு தந்தை)

அருமை. முதலில் நாற்காலியைச் சரிபார்ப்போம். இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றும் 90 டிகிரியில் இருக்கட்டும். பாதம் முழுதாகப் பலகையில் படிய வேண்டும். பெல்ட் வயிற்றில் அல்ல, தொடை மடிப்பின் குறுக்கே. முட்டியின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விடுங்கள். கால் பலகையை ஏற்றி இறக்கச் சட்டத்தில் வரிசையாகத் துளை போட்டால் பிள்ளை வளர்ந்தாலும் உதவும். அப்புறம், ஒரே அளவில் பத்து செய்து விற்காதீர்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் இயன்முறை சிகிச்சையாளர் அளவெடுக்க வேண்டும். 1985 முதல் இந்தக் குழந்தைகளோடு இருக்கும் கோட்டூர்புரம் வித்யாசாகர் அமைப்பில் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

வேலையிடத்திலேயே புதுத்தொழில் முளைப்பதைப் பற்றி தொழில்முனைவு ஆய்வாளர் டொனால்ட் குராட்கோ போன்றவர்கள் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். மேலிடத்தின் ஆதரவு, சுயமாக முடிவெடுக்கும் உரிமை, வெகுமதி, நேரம், இறுக்கமில்லாத வேலைப் பிரிவினை ஆகியவை வேண்டும் என்கிறார்கள். நீங்கள் ஓனரிடம் கேட்க வேண்டியவையும் இவைதான்: வாரத்தில் எத்தனை மணி நேரம், இரும்பு யார் செலவு, ஒரு நாற்காலிக்கு உங்களுக்கு எவ்வளவு. தொழிலாளி உருவாக்கியது யாருக்குச் சொந்தம் என்று நம் 1970 காப்புரிமைச் சட்டம் தனியாகச் சொல்லவில்லை, பெரும்பாலும் ஒப்பந்தம்தான் முடிவு செய்யும். அதனால் முதல் நாற்காலி விற்கும் முன்பே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.