கழுத்து ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். விரல் இன்னும் மரத்தே இருக்கிறது

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 56 வயது, விசைப்படகுத் தொழிலாளி. கை மரத்ததைச் 'சுகர் நரம்பு' என்று நினைத்து ஒன்றரை வருடம் ஓட்டிவிட்டோம். நடை தள்ளாடிய பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருக்கிறது என்று சொல்லி, திருகு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். இப்போது நடை தேவலை, விரல் மட்டும் மரத்தே இருக்கிறது. தண்டுவடத்தில் வெள்ளையாகத் தெரிகிறது என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. அது 'நிரந்தரச் சேதம்' என்று மகன் நெட்டில் பார்த்துச் சொல்கிறான். கழுத்தில் சொடக்குச் சத்தம், தழும்பில் அரிப்பும் உண்டு. மெடிக்கலில் நரம்பு மாத்திரை வாங்கித் தருகிறேன். படுத்த படுக்கையாகிவிடுவாரா?
– வாசகி, காசிமேடு

பதில்: தள்ளாடியவர் மூன்றே மாதத்தில் தேறி நடக்கிறார் என்றால், படுக்கையைப் பற்றி இப்போது பேச வேண்டியதில்லை அம்மா. சத்தமும் அரிப்பும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆபரேஷன் அழுத்தத்தைத்தான் எடுக்கும். நசுங்கிக் கிடந்த தண்டுவடம் தானாகத்தான் தேற வேண்டும், அதுவும் மெதுவாக. முதல் ஆறு மாதத்தில் வருகிற முன்னேற்றம்தான் பெரிது. அப்புறமும் ஒரு வருடம், அதற்கு மேலும்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பலருக்கு விரல் மரப்புதான் கடைசி வரை நிற்கும். சிலருக்குப் போகாமலே தங்கிவிடும். ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டதற்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கமாட்டேன். நோய் எத்தனை நாள் இருந்தது, கத்தி வைக்கும் முன் நடை எவ்வளவு கெட்டிருந்தது, வயது என்ன, பீடி சிகரெட் உண்டா என்பதையெல்லாம் சேர்த்துத்தான் எவ்வளவு தேறுவார் என்று கணிக்கிறோம். அந்த வெள்ளை நிறம் இதில் ஒரு துணைச் சாட்சி, அவ்வளவுதான். அது இருந்தும் நன்றாகத் தேறியவர்கள் உண்டு. மகனிடம் போனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

அவனுக்கு வேறு வேலை தருகிறேன். ஞாயிறுதோறும் அப்பாவை உட்கார வைத்து, 10 வினாடியில் எத்தனை முறை கையை முழுதாக மூடி விரிக்கிறார் என்று எண்ணட்டும். நல்ல கை 20 முறை செய்யும். இரண்டு கைக்கும் தனித்தனியாகக் காலண்டரில் குறித்து வையுங்கள். சட்டைப் பித்தானை அவரே போடட்டும், நீங்கள் ஓடிப்போய்ப் போட்டுவிடாதீர்கள்.

நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: தேறியது திரும்பக் கெடுவது. நேற்று வரை நடந்தவருக்குக் கால் கனக்கிறது, விறைக்கிறது, படியில் தடுக்குகிறது, காலிலிருந்து செருப்பு நழுவுவது தெரியவில்லை, 12 முறை மூடிய கை 8 முறையில் நிற்கிறது என்றால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். இதோடு சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். ஆபரேஷன் செய்த இடம் தூரமென்றால் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. கீழே விழுந்து கழுத்து அடிபட்டாலும் இதே அவசரம்தான், அப்போது தூக்கி உட்கார வைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த 'நரம்பு மாத்திரை' எதுவென்று நீங்கள் எழுதவில்லை. வெறும் வைட்டமின் என்றால் பணம்தான் தண்டம். அந்தப் பெயரில் தருகிற சில மாத்திரைகள் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் தரும். ஏற்கெனவே நிதானமில்லாத காலுக்கு அது கேடு. அட்டையை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். பி12 குறைகிறதா என்று ரத்தத்தில் பார்த்தால் தெரியும். குறைந்தால் அவரே எழுதித் தருவார். பீடி உண்டென்றால் இன்றே நிறுத்தட்டும், திருகு வைத்த எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தும். இன்னொன்று, முடிவெட்டிய கையோடு சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அது இனி ஆயுசுக்கும் கூடாது.

கடலுக்கு எப்போது போகலாம் என்பதை ஆபரேஷன் செய்தவர்தான் சொல்ல வேண்டும். வலை தைக்க இன்றைக்கே உட்காரலாம், விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. வலையை நெஞ்சு உயரத்தில் கட்டுங்கள், குனிய வேண்டாம். முதலில் கால் மணி நேரம் போதும். ஊசி குத்தினாலும் உறைக்காது, அதனால் எழுந்ததும் விரல்களைப் பார்த்துவிடுங்கள்.