நண்பர்களோடு அரை மாரத்தான்: கடைசி வரை சேர்ந்தே ஓடுவதா, அவரவர் வேகத்தில் ஓடுவதா?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள் முதல்முறையாக அரை மாரத்தான் ஓடப் போகிறோம். கிராமங்கள் வழியாகப் போகும் அழகான பாதை. எங்களுக்குள் வேகம் ஒரே மாதிரி இல்லை. கடைசி வரை சேர்ந்து ஓடுவது நல்லதா, அல்லது அவரவர் வேகத்தில் ஓடி முடிவுக் கோட்டில் சந்தித்துக்கொள்வதா?

பதில்:

சேர்ந்தே ஓடுங்கள். உங்களில் யார் மெதுவாக ஓடுவாரோ அவர் வேகத்தில் ஓடுங்கள், அவரை முன்னால் விட்டு ஓடுங்கள். ஆனால் இதை ஓட்டத்துக்கு முந்தின நாளே பேசி முடித்துவிட வேண்டும். கிளம்பும் இடத்தில் கூட்டமும் பாட்டுச் சத்தமும் இருக்கும், அங்கே நின்றுகொண்டு இதையெல்லாம் பேச முடியாது. எல்லோரும் தலையாட்டிவிட்டு இரண்டாவது கிலோமீட்டரிலேயே ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுவார்கள்.

நான் காரைக்குடிக்காரன். போன மார்கழிக் கடைசியில் செட்டிநாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஓட்டம் நடந்தது. கானாடுகாத்தானில் கிளம்பி, ஆத்தங்குடிப் பக்கம் போய்த் திரும்பும் அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர். நாங்கள் ஐந்து பேர் போனோம். சிமெண்ட் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன், ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரு பள்ளிக்கூட டீச்சர். பள்ளத்தூர்க்கார நண்பன் ஒருவன், நான் அவனை மாப்ளே என்றுதான் கூப்பிடுவேன். எம்.எஸ்சி. படிக்கிற தம்பி ஒருவன், எங்களில் அவன்தான் வேகம், தனியாக விட்டால் ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் முடித்துவிடுவான். அப்புறம் நான். அண்ணனுக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் ஆகும். கணக்குப் போட்டால் அவருக்கு மொத்தம் இரண்டு மணி நாற்பது நிமிடம், தம்பிக்கும் அவருக்கும் இடையில் ஐம்பது நிமிட வித்தியாசம்.

முந்தின நாள் சாயங்காலம் நம்பர் அட்டை வாங்கப் போனபோது அண்ணனே ஆரம்பித்தார். "எனக்காக யாரும் நிக்க வேணாம்ப்பா, நான் பொறுமையா வந்து சேர்றேன்."

டீச்சர் விடவில்லை. "பின்னாடி வர்ற பேச்செல்லாம் வேணாம்ணே. நீங்க முன்னாடி ஓடுங்க, நாங்க உங்க முதுகைப் பார்த்துக்கிட்டு வாறோம்."

இதைப் பெருந்தன்மையாகச் சொன்னதாக நினைக்க வேண்டாம், ஓட்டத்தின் கணக்கே அதுதான். மெதுவாக ஓடுகிறவர் பின்னால் இருந்தால், முன்னால் போகிறவர்களை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டுவார். நெஞ்சுத் துடிப்பு ஏறும், மூச்சு வாங்கும், பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டரில் ஆள் உட்கார்ந்துவிடுவார். உடம்பு கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைத் தசையிலும் ஈரலிலும் கொஞ்சம்தான் சேர்த்து வைத்திருக்கிறது. வேகம் கூடக் கூட அது சீக்கிரம் கரையும், நிதானமாக ஓடினால் உடம்பு கொழுப்பையும் சேர்த்து எரித்துக்கொண்டு அதை மிச்சம் பிடிக்கும். அவரை முன்னால் விட்டால் இந்தத் தொல்லையே இல்லை. முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வேகம் சரி. ஒரு ஒரு வார்த்தையாக மூச்சிரைக்கப் பதில் வந்தால் குறைக்க வேண்டும். கைக்கடிகாரம் சொல்வதை விட இதை நான் நம்புகிறேன்.

வேகமாக ஓடுகிறவருக்கு இதில் என்ன லாபம் என்று உங்களில் ஒருவர் கேட்பார். எங்கள் தம்பியும் கேட்டான். அவனுக்கு ஒரு வேலை கொடுத்தோம். தண்ணீர்ப் பந்தல் கண்ணில் பட்டதும் அவன் முன்னால் ஓடிப்போய் ஐந்து பேருக்கும் வாங்கி வைத்திருப்பான், நாங்கள் நிற்காமல் நடந்தபடியே குடித்துக்கொள்வோம். நடுநடுவே முன்னால் ஓடி, எங்களைப் படம் எடுத்து, மறுபடி சேர்ந்துகொள்வான். மொத்தத்தில் எங்கள் எல்லோரையும் விடக் கூடுதல் தூரம் ஓடினவன் அவன்தான். அவனுக்குக் கொஞ்சம்கூட அலுப்புத் தட்டவில்லை.

இதைச் சொல்லும்போது கென்யா நாட்டு மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே ஞாபகம் வருகிறது. 2019 அக்டோபரில் வியன்னாவில் அவர் மாரத்தான் தூரத்தை, 42.195 கிலோமீட்டரை, 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினார், இரண்டு மணி நேரத்துக்குள் அந்தத் தூரத்தை முதலில் கடந்தவர் அவர். அன்றைக்கு அவரோடு முறை வைத்து மாறி மாறி ஓடியவர்கள் 41 பேர். எல்லோரும் பெரிய ஓட்டக்காரர்கள், அவர்களில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்களும் உண்டு. தங்கள் பெயர் வரும் என்று யாரும் ஓடவில்லை. காற்றை மறித்து, வேகத்தைப் பிடித்துக் கொடுத்தார்கள். அது அதிகாரபூர்வ சாதனையாக ஏற்கப்படாததற்கு அப்படி ஆள் மாற்றி ஓடியதும் ஒரு காரணம். ஆனால் முடிவுக் கோட்டுக்கு வந்தபோது அவர்கள் பின்தங்கி அவரை முன்னால் அனுப்பிவிட்டு, அவரை விடச் சந்தோஷமாகக் குதித்துக்கொண்டு வந்தார்கள், பார்த்திருப்பீர்கள். அவ்வளவு வேகமான மனிதனுக்கே கூட ஓட ஆள் வேண்டியிருக்கிறது. சிமெண்ட் கடை அண்ணனுக்கு நாங்கள் நான்கு பேர் ஓடினால் என்ன?

சரி, பாதைக்கு வருகிறேன். நீங்கள் அழகான பாதை என்று சொன்னதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கானாடுகாத்தானில் விடியும் முன்பே கிளம்பிவிட்டோம். அந்த ஊர்த் தெருக்கள் நூல் பிடித்தது போல் நேராக இருக்கும். ஒரு தெருவில் தலைவாசல் வைத்த வீடு, முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு என்று போய்ப் பின்கட்டு அடுத்த தெருவில்தான் முடியும். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும், செட்டிநாட்டு அரண்மனை என்கிற ராஜா வீட்டை (1912இல் கட்டியது) பார்க்க வருகிற கூட்டமும் அந்த நேரத்தில் இருக்காது. காரில் போகும்போது ஒரு வீடு இரண்டு விநாடியில் கடந்துவிடும். ஏழரை நிமிட வேகத்தில் ஓடும்போது ஒரே வீட்டின் பக்கச் சுவர் வந்துகொண்டே இருக்கிறது, சுண்ணாம்புப் பூச்சு எங்கே பளபளவென்று இருக்கிறது, எங்கே உதிர்ந்து செங்கல் தெரிகிறது, மேலே சுதைச் சிற்பத்தில் எந்தப் பொம்மைக்குக் கை போய்விட்டது, எல்லாம் பார்க்க முடிகிறது. மார்கழி என்பதால் ஆள் இருக்கிற வீட்டு வாசலில் மட்டும் கோலம், நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ. எந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்பதை ஓடிக்கொண்டே கோலத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

ஊரைத் தாண்டினால் செம்மண். இரண்டு பக்கமும் தைலமரமும் முந்திரியும், நடுநடுவே பனை. அங்கங்கே ஊருணி. எங்கள் பக்கம் பெரிய ஆறு கிடையாது, மழையை நம்பித்தான் ஊரே. கூரையில் விழுகிற தண்ணீர் வளவுக்கு வந்து, அங்கே அண்டாவில் பிடித்தது போக மிச்சம் தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகும்படி அந்தக் காலத்திலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பெய்திருந்ததால் அன்றைக்கு எல்லா ஊருணியும் படித்துறை முங்கக் கிடந்தன. தண்ணீர் மேல் லேசான பனி. மாப்ளே அந்த இடத்தில்தான், "கொஞ்சம் நடப்போமா?" என்றான், யாருக்கும் களைப்பில்லை, ஆனால் எல்லோரும் சரி என்றோம். தனியாக நேரத்தைத் துரத்திக்கொண்டு ஓடியிருந்தால் அங்கே நான் நடந்திருக்க மாட்டேன்.

ஆத்தங்குடியில் ஒரு கல் பட்டறையின் வாசல் திறந்திருந்தது. தரையில் பதிக்கிற பூக்கல் செய்கிற இடம். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, சட்டத்தை மெதுவாகத் தூக்கினால் பூ மட்டும் நிற்கும். அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் காயப் போடுவார்கள். காய்ந்த பிறகு கண்ணாடியை எடுத்தால் அந்த வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும், சூளை கிடையாது, மெருகு கிடையாது. முந்தின நாள் போட்ட கற்கள் கண்ணாடியோடு வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன, முதல் வெயில் அதில் பட்டது. அண்ணன் சிமெண்ட் வியாபாரம் செய்கிறவர் இல்லையா, ஓடுவதை விட்டுவிட்டு, மணல் எங்கிருந்து வருகிறது என்று பட்டறைக்காரரிடம் விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார். டீச்சர் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

போகும்போது மேற்கே போகிறோம், வெயில் முதுகில். திரும்பும்போது கிழக்கே, நேராக முகத்தில். இந்த ஒரு விஷயத்தை உங்கள் பாதையிலும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், தொப்பி எப்போது தேவைப்படும் என்று தெரியும். செம்மண் நிலம் மார்கழியிலும் எட்டு மணிக்குக் காந்த ஆரம்பித்துவிடும், தைலமரம் நிழல் தராது.

எட்டு கிலோமீட்டர் வரை பேச்சு ஓயவில்லை. பதினான்குக்குப் பிறகு யாரும் பேசவில்லை, காலடிச் சத்தம்தான். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. பதினாறு தாண்டியதும் அண்ணனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. உட்கார வைத்து, முட்டியை நீட்டி, கால் விரல்களை மெதுவாக அவர் பக்கமாக மடக்கிப் பிடித்தோம், ஒரு நிமிடத்தில் விட்டது. அதற்கு மேல் ஓட்டமும் நடையுமாகப் போகலாம் என்று முடிவு செய்தோம், நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. இதை ஏதோ தோற்றுப்போனவர்கள் செய்கிற வேலை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவுக்காக 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கேலோவே இதை ஒரு முறையாகவே சொல்லிக்கொடுத்தவர். கால் தளர்வதற்கு முன்பே நடந்துவிட்டால் கடைசி வரை ஓட முடியும் என்பதுதான் அதன் அடிப்படை.

அப்படி நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி கூப்பிட்டார். "எங்கெய்யா இம்புட்டுப் பேரு போறீக? பழனிக்கா?"

"இல்லை ஆச்சி, சும்மா ஓடுறோம்."

"சும்மாதானே, அப்ப நின்டு தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

செம்பில் தண்ணீர் வந்தது, கூடவே ஒரு தட்டில் கொஞ்சம் உப்பும் வெல்லமும். அண்ணனைப் பார்த்ததுமே அவர் களைப்பு ஆச்சிக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் எப்படி? தை மாதம் பூசத்துக்கு நகரத்தார் (எங்கள் பக்கத்துச் செட்டியார் சமூகம்) காவடி எடுத்து நடையாகவே பழனிக்குப் போகிறார்கள், பல தலைமுறைப் பழக்கம். பல ஊர்க்காரர்களும் குன்றக்குடியில் கூடி, ரத்தினவேல் என்கிற முருகன் வேலோடு அங்கிருந்து சேர்ந்துதான் புறப்படுவார்கள். அதில் இளவட்டமும் உண்டு, அறுபது வயது தாண்டியவர்களும் உண்டு, எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது எல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். எங்கள் வீடுகளில் நீண்ட தூரம் என்றாலே கூட்டமாகப் போவதுதான்.

தண்ணீர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தாகத்துக்குக் குடித்தால் போதும். பயந்துகொண்டு ஒவ்வொரு பந்தலிலும் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றல், வாந்தி வரும், ரொம்பவும் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. மெதுவாக, நீண்ட நேரம் ஓடுகிறவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்கு ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள், பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். புது ஷூ அன்றைக்கு வேண்டாம். தொடை, அக்குள் இரண்டிலும் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள், குளிக்கும்போது எரிச்சல் இருக்காது. கட் ஆஃப் நேரத்தை (அதற்குள் ஓடி முடிக்க வேண்டிய நேரம்) முன்பே கேட்டு, உங்களில் மெதுவானவரின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அரை மணி நேரமாவது கையிருப்பு வேண்டும். ஓட்ட நாளுக்கு முன்பே வாரத்துக்கு ஒரு நாள் நான்கு பேரும் சேர்ந்தே நீண்ட ஓட்டம் ஓடிப் பழகுங்கள், கடைசியில் பதினாறு பதினேழு கிலோமீட்டர் வரை போனால் போதும்.

உங்களில் ஒருவருக்கு உண்மையிலேயே நேரம்தான் முக்கியம் என்றால், அவரைத் தடுக்க வேண்டாம். அவர் தனியாகப் போகட்டும், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். மீதி மூன்று பேர் பிரியக் கூடாது.

நாங்கள் ஐந்து பேரும் ஒரே வரிசையில் கோட்டைத் தாண்டினோம், 2 மணி 58 நிமிடம். அண்ணனின் கணக்கை விடப் பதினெட்டு நிமிடம் கூடுதல். பிறகு ஒரு மெஸ்ஸில் வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும், தட்டு தட்டாக. பந்தயம் இல்லாமலே இந்தப் பாதையை ஓட நீங்கள் வருவதாக இருந்தால் மார்கழி, தை இரண்டு மாதமும் நல்லது. திருச்சியிலிருந்து காரைக்குடிக்கு ரயிலும் பஸ்ஸும் இருக்கின்றன, காரைக்குடியில் தங்கிக்கொண்டு விடியற்காலையில் ஒரு வண்டி பிடித்துக் கானாடுகாத்தான் போய்விடலாம். உள்ளூரில் யாராவது கூட ஓட வேண்டும் என்றால் கருத்தில் எழுதுங்கள், அண்ணனைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுகிறேன்.