கலையும் கேமராவும் வகுப்பறையும் மனித உரிமைக்கு எப்படி உதவும்? நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், அதனால் உங்கள் வாசகம் அப்படியே இல்லையே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நேராகவே கேட்கிறேன். ஒரு புகைப்படமோ நாடகமோ சட்டத்தை மாற்றியது உண்டா, இல்லை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதலா?

உண்டு, ஆனால் தனியாக நின்று மாற்றியதில்லை. அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக இருந்த லூயிஸ் ஹைன், 1908-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக நூற்பாலை, சுரங்கம் என்று சுற்றி, அங்கே வேலை செய்த சிறுவர்களைப் படமெடுத்தார். கேமராவோடு யாரும் உள்ளே விடமாட்டார்கள், அதனால் பைபிள் விற்பவர், தபால் அட்டை விற்பவர் என்று ஏதாவது சொல்லி நுழைவாராம். பிள்ளைகளின் உயரத்தைத் தன் சட்டைப் பொத்தான்களை வைத்துக் கணக்குப் போட்டு, யாருக்கும் தெரியாமல் பைக்குள் கையை விட்டபடியே குறிப்பெழுதினார் என்பார்கள். படத்தோடு வயது, வேலை, இடம் எல்லாம் சேர்ந்து வந்ததால்தான் 'இது பொய்' என்று ஆலைக்காரர்களால் சுலபமாகத் தள்ள முடியவில்லை.

ஆனால் அந்தப் படங்களைக் கண்காட்சியாக, துண்டறிக்கையாக, சட்டம் போடுபவர்களின் மேஜைவரை கொண்டுபோனது அந்தக் குழு. 1916-இல் குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது, 1918-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, நிலைத்த சட்டம் 1938-இல்தான் வந்தது. 30 வருடம். ஆகவே என்னிடம் யாராவது 'ஒரு குறும்படம் எடுக்கிறோம்' என்று வந்தால் நான் முதலில் கேட்பது, இதைப் பார்த்துவிட்டு யார் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதைத்தான். பாதிப் பேர் அதை யோசித்திருக்கவே மாட்டார்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் குழு வீட்டு வேலை செய்பவர்களின் பிரச்சினையை நாடகமாகப் போடுகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள், சிலர் அழவும் செய்கிறார்கள், அப்புறம் கலைந்து போய்விடுகிறார்கள். என்ன செய்வது?

முடிவை நீங்களே சொல்லிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பிரேசிலின் நாடக இயக்குநர் அகஸ்டோ போவால் (Augusto Boal), ராணுவ ஆட்சியில் கைதாகிச் சித்திரவதைக்குப் பின் நாடு கடந்து வாழ்ந்தவர், 1970-களில் உருவாக்கிய ஒடுக்கப்பட்டோர் அரங்கைப் படித்துப் பாருங்கள். அதில் ஒன்று ஃபோரம் தியேட்டர். பாதிக்கப்பட்டவர் தோற்றுப்போகிற ஒரு காட்சியை முதலில் முழுதாக நடிப்பார்கள். இரண்டாவது முறை நடிக்கும்போது பார்ப்பவர்களில் யார் வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று சொல்லி, அந்தப் பாத்திரத்தைத் தான் எடுத்துக்கொண்டு வேறு மாதிரி செய்து பார்க்கலாம். நடத்துபவரை ஜோக்கர் என்பார்கள், அவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும். எதிராளியாக நடிப்பவர் லேசில் விட்டுக்கொடுக்கவும் கூடாது.

இதோடு போவால் நிற்கவில்லை. 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது, இப்படி மேடைகளில் மக்கள் சொன்னவற்றைச் சட்ட வரைவுகளாக மாற்றினார், 13 சட்டங்கள் நிறைவேறின. உங்களுக்கு நகர மன்றம் கையில் இருக்காது, சரி. ஆனால் நாடகத்தில் வந்த யோசனைகளை ஒருவர் உட்கார்ந்து எழுதி, மறுவாரம் மனுவாகக் கொடுக்கலாமே.

அதே கேள்வியைத் தொடர்ந்து இன்னொருவர்: மேடையேறியவர் முதலாளியை ஓங்கி அறைந்துவிட்டால்?

அறையட்டும். அப்புறம் நடக்கப்போவதையும் நடித்துக் காட்டுங்கள், வேலை போவது, புகார், சம்பள பாக்கி எல்லாவற்றையும். 'இது நிஜத்தில் நடக்குமா?' என்று கூட்டத்தையே கேளுங்கள். வேடிக்கையாக ஆரம்பிப்பதுதான் பல நேரம் நல்ல விவாதமாகிறது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: நிஜ முதலாளியும் நிஜத் தொழிலாளியும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். மேடையில் பேசியதற்கு மறுநாள் விலை கொடுப்பது நீங்கள் அல்ல.

கேள்வி: பாதிக்கப்பட்டவர்களை வீடியோ எடுக்கிறோம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். போதும்தானே?

போதாது. கையெழுத்து உங்களைத்தான் காப்பாற்றும், அவரை அல்ல. இந்த வீடியோ எங்கெல்லாம் போகும், அவர் பயப்படுகிற ஆளே இதைப் பார்க்கலாம், ஒருமுறை வெளியே போனால் முழுதாகத் திரும்பப் பெற முடியாது என்பதை அவர் மொழியில் சொல்லி, அவர் தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை கேமராவை ஆன் செய்ய வேண்டாம். உதவி கிடைக்கும் என்று நினைத்துத் தலையாட்டுகிறாரா என்று பாருங்கள், அது ஒப்புதல் ஆகாது. எடிட் முடிந்ததும் காட்டிவிட்டு இன்னொரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்றால் நீக்குங்கள், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும். இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை.

முகத்தை மங்கலாக்கினால் போதுமா?

குரல், பச்சை குத்திய கை, ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம், பள்ளிச் சீருடை, கோப்புக்குள்ளேயே பதிவாகும் இடமும் நேரமும், இத்தனையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அசல் கோப்பைத் தொடாதீர்கள்! பிரதியில்தான் மறைக்க வேண்டும். நாளைக்கு அது சாட்சியமானால் திருத்தாத அசலைத்தான் கேட்பார்கள். ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மனித உரிமை மையமும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட பெர்க்லி நெறிமுறை, இணையத்தில் கிடைக்கும் ஆதாரங்களை எப்படிச் சேகரித்துப் பாதுகாப்பது என்று விரிவாகச் சொல்கிறது. இந்த வேலையில் இறங்குபவர்கள் படித்தே ஆக வேண்டும்.

கேள்வி: நான் ஆசிரியர். ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தின் 30 உறுப்புகளையும் (சட்டப் பிரிவுகள் மாதிரி) மனப்பாடம் செய்ய வைத்தோம், பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பிக்கத்தானே செய்வார்கள். 2011 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மனித உரிமைக் கல்விப் பிரகடனம் மூன்றைச் சொல்கிறது: உரிமைகளைப் பற்றிய கல்வி, உரிமைகளை மதிக்கிற முறையில் கல்வி, உரிமைகளைப் பயன்படுத்தவும் காக்கவும் தயாராக்கும் கல்வி. பள்ளிகள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. பேச்சு சுதந்திரம் பற்றிய பாடத்தில் கேள்வி கேட்ட பிள்ளையை 'உட்கார்' என்று அதட்டினால், அன்றைக்கு அந்த வகுப்பு கற்றது அந்த அதட்டலைத்தான்.

கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963-இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் சுமார் 300 பேருக்கு ஏறக்குறைய 40 மணி நேரத்தில் எழுத்தறிவு கொடுத்தது பலருக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அப்போது அங்கே வாக்குரிமை கிடையாது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் சொல்லிக்கொடுத்த சொற்களும் அவர்கள் வாழ்க்கையிலிருந்து எடுத்தவை, அதனால் எழுத்தோடு சேர்த்துக் கூலி, நிலம் பற்றிய பேச்சும் வகுப்புக்குள் வந்தது. மறுவருடம் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டார்கள் என்றால் வேலை செய்தது என்றுதானே அர்த்தம். நீங்கள் சின்னதாக ஆரம்பியுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியில் எது அநியாயமாகப் படுகிறது என்று கேட்டு, அதற்கு எந்த உறுப்பு பொருந்தும் என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள். தலைமையாசிரியருக்குப் பிடிக்காமல் போகலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

கேள்வி: நிதி கொடுப்பவர்கள் 'தாக்கம் என்ன' என்று கேட்கிறார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது.

அது சென்றடைந்த கணக்கு, மாற்றத்தின் கணக்கு இல்லை. ஆப்பிரிக்காவின் ருவாண்டாவைப் பாருங்கள். 1994 இனப்படுகொலையின்போது வானொலியே கொலைக்குத் தூண்டியது, அதற்காகச் சர்வதேசத் தீர்ப்பாயம் 2003-இல் ஊடகக்காரர்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2004-இல் அதே நாட்டில் சமாதானத்துக்காக ஒரு வானொலித் தொடர் நாடகம் வந்தது. எலிசபெத் லெவி பாலக் என்ற ஆய்வாளர் சிலரை இந்த நாடகத்தையும், சிலரை உடல்நலம் பற்றிய வேறொரு நாடகத்தையும் ஒரு வருடம் கேட்க வைத்து ஒப்பிட்டார். மனதுக்குள் இருந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் 'நம் ஊரில் எது சரியென்று மற்றவர்கள் நினைக்கிறார்கள்' என்ற எண்ணமும், நடந்துகொள்ளும் விதமும் மாறின. எனவே நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்' என்று மட்டும் கேட்காமல், 'உங்கள் தெருவில் இதை யாராவது வெளிப்படையாக எதிர்த்தால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள்' என்றும் கேளுங்கள். கொடுத்த புகார்கள், வந்த பதில்கள் இவற்றையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

கேள்வி: கேமரா இல்லை, மேடை இல்லை, வெளிப்படையாகப் பேசினால் ஆபத்து. எங்களைப் போன்றவர்களுக்கு?

தென் அமெரிக்காவின் சிலியில், பினோசேயின் ராணுவ ஆட்சியில் காணாமல் போனவர்களின் தாய்மார்களும் மனைவிமார்களும் சாக்குத் துணியில் பழைய துணித்துண்டுகளைத் தைத்துத் தங்களுக்கு நடந்ததைப் படமாக்கினார்கள். தேவாலய அமைப்பு ஒன்று அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பி விற்றது. குடும்பத்துக்குக் கொஞ்சம் வருமானம், உலகத்துக்குச் செய்தி, பெயர் போட வேண்டிய அவசியமும் இல்லை. தையல் என்பதால் ஆரம்பத்தில் அதிகாரிகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒன்று: எந்த கேமரா வாங்கலாம்?

கையில் இருக்கும் போன் போதும். காசு இருந்தால் நல்ல மைக் ஒன்றும், ஹார்ட் டிஸ்க் இரண்டும் வாங்குங்கள். இரண்டையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள்.