டாக்டர் சொன்னால் போதாதா, ஆய்வு எதற்கு? – கேள்வி பதில்

கேள்வி: முப்பது வருட அனுபவம் உள்ள டாக்டருக்குத் தெரியாததா ஆய்வில் தெரிந்துவிடப் போகிறது?

பதில்: சில விஷயங்கள் அனுபவத்தின் கண்ணில் படவே படாது. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு இதயத் துடிப்பு அடிக்கடி தாளம் தப்பினால் ஆபத்து அதிகம். அதனால் அதை அடக்கும் என்கைனைட், ஃப்ளெகைனைட் மாத்திரைகளை அமெரிக்காவில் எழுதிக் கொடுத்தார்கள். ஈசிஜியும் சீரானது, எல்லோருக்கும் திருப்தி. அப்புறம் 'காஸ்ட்' என்ற ஆய்வில் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு இந்த மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. 1991இல் வெளியான கணக்குப்படி, மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்துவிட்டார்கள். போலி மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர்தான். ஒரு டாக்டர் தன் கிளினிக்கில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. மாரடைப்பு வந்தவர் இறந்தால் பழியை நோயின் மேல்தானே போடுவோம்?

கேள்வி: வெள்ளைக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு நமக்குப் பொருந்துமா?

பதில்: எல்லாம் பொருந்தாது. ஆனால் நம் ஊர் ஆய்வு அவர்களை மாற்றிய கதையும் உண்டு. காசநோய் என்றால் சானடோரியம் (நோயாளிகளை மாதக்கணக்கில் தங்க வைக்கும் மருத்துவமனை), ஓய்வு, பால், முட்டை என்றிருந்த காலம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், 193 நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினரை சானடோரியத்தில் சேர்த்தது. மற்றவர்களுக்கு வீட்டிலேயே வைத்தியம். இரு தரப்புக்கும் அதே மருந்து, ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசல், சாப்பாடும் ஓய்வும் குறைவு. அப்படியும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டாருக்குத் தொற்றும் கூடவில்லை. இது 1959இல் வெளியான பிறகு சானடோரியப் படுக்கைகளுக்கு மவுசு குறைந்தது.

கேள்வி: அப்படியானால் சத்தான சாப்பாடு தேவையில்லையா?

பதில்: அவசரப்படாதீர்கள்! சென்னை ஆய்வு பார்த்தது நோய் குணமாவதை. ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்கு உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. அதில் அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

கேள்வி: அப்பாவுக்கு 82 வயது. 'ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும்' என்று ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: எதில் பாதி என்று கேளுங்கள். நூறு பேரில் இருபது பத்தானாலும் பாதிதான், இரண்டு ஒன்றானாலும் பாதிதான். அந்த ஆய்வில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தார்களா என்றும் கேளுங்கள், பல ஆய்வுகளில் அவர்களைச் சேர்ப்பதே இல்லை. சரி, இதையெல்லாம் டாக்டரிடம் பேசும்போது அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மாத்திரை சாப்பிடப் போவது அவர்தானே.